மூடக்கூடாத ஜன்னல்

அந்த வீட்டில் தினமும் காலையில் ஒரு சின்ன ஊர்வலம் நடக்கும். கணவர் முன்னால் வருவார். வழியில் கிடக்கும் செருப்பு, ஸ்டூல், செய்தித்தாள் எல்லாவற்றையும் காலால் ஓரம் தள்ளிக்கொண்டே, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று யாருமில்லாத கூடத்தைப் பார்த்துச் சொல்லுவார். பின்னால் மனைவி, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சமையலறையிலிருந்து குளியலறை வரை நடப்பார். பாத்திரத்தை நான் தூக்குகிறேன் என்று அந்த மனிதர் ஒருநாளும் சொன்னதில்லை. வழி காட்டுவதே பெரிய உதவி என்று நினைத்திருந்தார்.

ஒருநாள் தண்ணீர் தளும்பி மனைவியின் பாதத்தில் கொட்டிவிட்டது. பெரிய காயமில்லை, ஆனால் தோல் உரிந்து செருப்பு போட முடியாமல் ஒரு வாரம் நொண்டினார். நொண்டிக்கொண்டே வேலைக்கும் போனார். அதற்குப் பிறகுதான் கேஸ் ஹீட்டர் வாங்கலாம் என்ற பேச்சு கணவரின் காதில் விழுந்தது. அதுவரை அந்தப் பேச்சை டீச்சர் சுவரோடுதான் பேசிக்கொண்டிருந்தார்.

டீச்சர் என்பது மனைவி. சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கும் வேலை. வகுப்பில் எந்தப் பிள்ளை எந்த மூலையில் உட்கார்ந்து சிணுங்கினாலும், திரும்பிப் பார்க்காமலே பெயர் சொல்லிக் கூப்பிட்டு அடக்கிவிடுவார். எவனுக்கு அக்கா எந்த வகுப்பில், எவளுக்குப் பல் ஆடுகிறது, யார் வீட்டில் புதுக் குழந்தை பிறந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வீட்டில் கணவரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். பாதி கேலி, பாதி பெருமை.

கணவருக்குக் கதவு, ஜன்னல் செய்து மாட்டும் தொழில். சொந்தமாக ஒரு பட்டறை. அவர் மாட்டிய கதவு மூடினால் மூடியதுதான். ஒரு தூசி உள்ளே வராது, ஒரு எறும்பு நுழையாது. எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் ஜன்னல் ஓரத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்பார், காற்று கசிகிறதா என்று. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட ஒருமுறை அப்படிச் செய்து டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இதனால் அவருக்கு இடுக்கு மாஸ்டர் என்று பெயர் வந்தது. கூப்பிட்டவர்கள் கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். அவரோ அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற சின்ன அறை ஒன்று. அதில் ஒரு பக்கம் வெளியே போகும் பின்கதவு, இன்னொரு பக்கம் குளியலறைக் கதவு. குளியலறைக்குத் தனியாக ஜன்னல் கிடையாது. கதவின் மேல்பாதியில் இருந்த மரப்பட்டைகள் வழியாகத்தான் அதற்கு வெளிச்சமும் காற்றும். அந்தச் சின்ன அறையின் சுவரில், சாய்வான கண்ணாடிப் பட்டைகள் வைத்த ஜன்னலுக்குப் பக்கத்தில், ஹீட்டரை மாட்டினார்கள்.

மாட்ட வந்தவர் வேலையை முடித்து, கருவிகளைப் பையில் போட்டபடியே பேசினார். "இந்த ஜன்னல் எப்பவும் திறந்தே இருக்கணும். பின்கதவுக்கு அடியில இருக்கற இடைவெளியையும் அப்படியே விட்டுடுங்க. உள்ள தீ எரியுது இல்லையா, அதுக்கு வெளிக்காத்து வந்துட்டே இருக்கணும். சுடர் நீலமா இருக்கான்னு அப்பப்ப பாருங்க. மஞ்சளா மாறினாலோ, கரி படிஞ்சாலோ உடனே நிறுத்திட்டு எங்களைக் கூப்பிடுங்க. வாளியில தண்ணியைப் பிடிச்சுக்கிட்டு, ஹீட்டரை நிறுத்திட்டுக் குளிச்சா இன்னும் நல்லது."

டீச்சர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். மாஸ்டர் அங்கேதான் நின்றார். ஆனால் அவர் கண்ணும் கையும் புகைக்குழாய் வெளியே போகிற ஓட்டையில் இருந்தன. ஓட்டையைச் சுற்றி பூச்சு சரியில்லை என்று அவருக்கு ஒரே கவலை. மாட்டியவர் வாசல் தாண்டுவதற்குள் அதைத் தானே பூசி மெழுகிவிட்டார்.

முதல் நாள் வெந்நீர் வந்தபோது டீச்சர் குழாயடியில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் சும்மா நின்றார். "இத்தனை வருஷம் நான் எதுக்குங்க இப்படிச் சுமந்தேன்?" என்று கேட்டார். மாஸ்டருக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. இனி இவளுக்கு ஒரு குறையும் இருக்கக்கூடாது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டார். நினைப்பில் ஒரு குற்றமும் இல்லை.

குளிர்காலம் வந்தது. சாய்வுக் கண்ணாடிகளுக்கு நடுவே சில்லென்று காற்று அடித்தது. குளித்துவிட்டு ஈரத்தலையோடு வெளியே வந்ததும் டீச்சர் தும்முவார். அது போதாதென்று, காற்று வேகமாக அடிக்கிற நாட்களில் ஹீட்டர் சுடர் அணைந்துபோகும். சோப்பு போட்ட உடம்போடு டீச்சர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். மாஸ்டர் ஓடிவந்து பற்றவைப்பார். இந்தக் கூத்து தொடர்ந்து நடந்தது. அதற்கும் ஹீட்டர் மாட்டியவரைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். இடுக்கு மாஸ்டர் வீட்டில் காற்றுப் பிரச்சினை என்று இன்னொருவரைக் கூப்பிடுவதா?

ஒரு விடுமுறை நாளில் கருவிப்பெட்டியோடு உட்கார்ந்தார். சாய்வுக் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு ஒரே கண்ணாடியாக வைத்து ஓரமெல்லாம் பசை கட்டினார். பின்கதவின் அடியில் ரப்பர் பட்டை தைத்தார். சமையலறைப் பக்கக் கதவுக்கும் அதே மரியாதை. டீச்சர் துணி மடித்தபடி வந்து நின்றார்.

"மூடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாரே."

"யாரு?"

"ஹீட்டர் மாட்டினவர்தான். நீங்க அப்ப குழாயைத் தடவிட்டு இருந்தீங்க."

"அவங்க எல்லா வீட்லயும் அதையேதான் சொல்வாங்க. சொல்லிப் பழகிட்டாங்க. புகை போறதுக்குத்தான் குழாய் இருக்கே, அப்புறம் எதுக்கு ஜன்னல்?"

"தீக்குக் காத்து வேணும்னாரு. எதுக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே."

மாஸ்டர் கையிலிருந்த பசைக்குழலைக் கீழே வைத்தார். "டீச்சர், காத்தைப் பத்தி நான் இன்னொருத்தரைக் கேக்கணுமா? ஊர்ல இருக்கறவன் எல்லாம் என்னைக் கேக்கறான்."

டீச்சர் சிரித்துவிட்டார். நாள் முழுக்கப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவர்; வீட்டிலும் வாதாடத் தெம்பில்லை. அதோடு, இந்த மனிதரின் கைவேலை மேல் அவருக்கு நம்பிக்கை இருந்தது. மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வேலை முடிந்ததும் மாஸ்டர் ஒரு தீக்குச்சியைக் கிழித்து ஜன்னல் ஓரம் முழுக்கக் காட்டினார். சுடர் அசையவில்லை. கதவடியில் காட்டினார். அங்கேயும் அசையவில்லை. தன் வேலையைத் தானே பார்த்து ரசித்தார். தீ தனக்கு வேண்டியதைக் கேட்கத் தெரியாத பிராணி என்று அன்றைக்கு அவருக்கு யார் சொல்வது?

அதற்குப் பிறகு சுடர் அணையவேயில்லை. அறை கதகதப்பாக இருந்தது. சில நாட்களில் சுடரின் நிறம் மாறியது. "பாரு, எப்படிப் பொன்னு மாதிரி எரியுது" என்று மாஸ்டர் காட்டினார். ஹீட்டரின் வெள்ளை மூடியில் மேலே லேசாகக் கரி படிந்தது. டீச்சர் அதை ஈரத்துணியால் துடைத்தார். மறுபடி படிந்தது. மறுபடி துடைத்தார். மாட்டியவர் கரியைப் பற்றிச் சொன்னது அவருக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை; சுத்தம் பார்க்கிற பெண்மணி, அவ்வளவுதான்.

தலைவலியும் அப்போதுதான் ஆரம்பித்தது. குளித்துவிட்டு வந்தால் தலை கனக்கும், வயிறு புரட்டும். பள்ளிக்குப் போய்ச் சேருவதற்குள் சரியாகிவிடும். கண் பார்வையாக இருக்கும் என்று மாஸ்டர் சொன்னார். போய்ப் பார்த்ததில் பார்வையில் உண்மையாகவே கொஞ்சம் கோளாறு இருந்தது. புதுக் கண்ணாடி வந்தது. எழுத்து தெளிவாகத் தெரிந்தது. தலைவலி போகவில்லை.

ஒரு வாரக்கடைசியில் டீச்சர் தன் அக்கா வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டு வந்தார். அங்கே தலைவலியே இல்லை. திரும்பி வந்த மறுநாள் காலை நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அக்கா வீட்ல நல்லாத்தான் இருந்தேன். இங்க வந்ததும் பிடிச்சுக்குது."

"உங்க அக்கா வீட்டுக்குப் போனா தலைவலி போகுது, என் மூஞ்சியைப் பார்த்தா வருது. சொல்லவேண்டியதை நேராச் சொல்லிடு டீச்சர்."

இருவரும் சிரித்தார்கள். பிற்காலத்தில் மாஸ்டர் எத்தனையோ முறை அந்தச் சிரிப்பை நினைத்துப் பார்த்தார். உண்மை தானாக வீட்டுக்குள் வந்து எதிரில் உட்கார்ந்தது. அதைக் கேலி பேசி அனுப்பிவிட்டோமே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

அன்று மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம். டீச்சர் நனைந்து வந்தார். "நல்லா சுடச்சுட ஊத்திக்கிட்டு வந்துடறேன்" என்று குளிக்கப் போனார். சமையலறையில் ஏதோ வதக்கிய புகையை வெளியே இழுக்கும் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் முன்கூடத்தில் ஒரு கைப்பிடியைப் பிரித்துவைத்துக்கொண்டு திருகாணியோடு போராடிக்கொண்டிருந்தார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. நன்றாகக் குளிக்கட்டும், எத்தனை வருஷம் பாத்திரம் சுமந்தவள் என்று அவர் நினைத்தார். அப்படி நினைத்து சந்தோஷப்பட்டுக்கொண்டே இருந்துவிட்டார்.

கைப்பிடி வேலை முடிந்தது. தண்ணீர்ச் சத்தம் ஒரே மாதிரி விழுந்துகொண்டிருந்தது. நடுவில் வாளி நகரும் ஓசையோ, சொம்பு இடிபடும் ஓசையோ இல்லை. அதுதான் அவருக்கு உறைத்தது. எழுந்து போய்க் கதவைத் தட்டினார்.

"டீச்சர், என்ன, உள்ளேயே தூங்கிட்டியா?"

பதிலில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். அவரே செய்து மாட்டிய கதவு, தாழ்ப்பாள் போட்டால் அசையாது. தோளால் இடித்தார். தனக்கே கால் தள்ளாடுவதும், நெற்றிப்பொட்டில் சம்மட்டி அடிப்பதும் பதற்றத்தால்தான் என்று நினைத்தார். சத்தம் கேட்டு எதிர்வீட்டு வாடகைக்கார் ஓட்டுநர் ஓடிவந்தார். இருவரும் சேர்ந்து இடித்ததில் தாழ்ப்பாள் பெயர்ந்தது.

டீச்சர் சுவரில் சாய்ந்தபடி சரிந்து கிடந்தார். குழாயிலிருந்து வெந்நீர் கொட்டிக்கொண்டிருந்தது. மாஸ்டர் துவைக்கக் கிடந்த போர்வையைச் சுற்றித் தூக்கப் பார்த்தார், கையில் பலமில்லை.

"அண்ணே, அந்த ஹீட்டரை நிறுத்துங்க. பின்கதவைத் திறங்க, காத்து வரட்டும்" என்று ஓட்டுநர் கத்தினார்.

ஹீட்டரை நிறுத்திவிட்டு மாஸ்டர் கதவைத் தள்ளினார். ரப்பர் பட்டை தரையைக் கவ்விக்கொண்டு நின்றது. தன் கையால் தைத்த பட்டையோடு மாரடித்தார். கடைசியில் ஓட்டுநர் ஓர் உதை விட்டதும் கதவு திறந்தது. குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. எந்தக் காற்றை வரவிடக்கூடாது என்று நாள் முழுக்க உட்கார்ந்து அடைத்தாரோ, அந்தக் காற்றுக்காக இப்போது வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

மருத்துவமனையில் டீச்சருக்கு முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். இளம் மருத்துவர் வெளியே வந்து முதலில் கேட்டதே, "வீட்டுல கேஸ் ஹீட்டர் இருக்கா?" என்றுதான்.

"இருக்குங்க. ஆனா கேஸ் வாசனை எதுவும் வரலையே. சிலிண்டரும் ஒழுகல."

"இது சிலிண்டர்ல இருந்து வர்றது இல்ல. போதுமான காத்து இல்லாம தீ எரிஞ்சா கார்பன் மோனாக்சைடுன்னு ஒரு நச்சு வாயு வரும். அதுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரூம் இறுக்கமா மூடியிருந்தா, பக்கத்துல புகை இழுக்கற விசிறியும் ஓடினா, குழாய் வழியா வெளிய போகவேண்டியதும் உள்ளயே திரும்பி வந்துடும். தலைவலி, குமட்டல்னு முன்னாடியே ஏதாவது சொன்னாங்களா?"

மாஸ்டர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

டீச்சர் பிழைத்துக்கொண்டார். சில நாட்களில் எழுந்து உட்கார்ந்தார், சாப்பிட்டார், கணவரைப் பார்த்துக் கேலிகூடச் செய்தார். வீட்டுக்கு வந்தார்கள். மாஸ்டர் அதற்குள் ஹீட்டரைக் கழற்றவைத்து, முறையாக ஆள் கூப்பிட்டுக் காட்டி, வீட்டுக்கு வெளியே திறந்தவெளிச் சுவரில் கூரை போட்டு மாற்றியிருந்தார். ஜன்னலில் மறுபடி சாய்வுக் கண்ணாடிகள் வந்தன. கெட்ட காலம் போய்விட்டது என்று அக்காவும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் கெட்ட காலம் வாசல்வரை போய்த் திரும்பி வந்தது. ஒரு மாதத்தில் டீச்சருக்கு வார்த்தைகள் நழுவ ஆரம்பித்தன. உப்பைக் கையில் வைத்துக்கொண்டு உப்பைத் தேடினார். சொன்னதையே சொன்னார். சிலருக்கு இப்படி ஆவதுண்டு, குணமான மாதிரி இருந்து பிறகு மூளையில் பாதிப்பு தெரியும், கொஞ்சம் கொஞ்சமாகத் தேறலாம், எவ்வளவு தேறும் என்று சொல்வதற்கில்லை என்றார் மருத்துவர்.

பள்ளிக்குத் திரும்பிய நாளில் மாஸ்டர்தான் கூட்டிக்கொண்டு போனார். வகுப்பு வாசலிலேயே நின்று பார்த்தார். முன்வரிசையில் ஒரு சின்னப்பெண் அழுதபடி எழுந்து வந்து, யாரோ கிள்ளிவிட்டதாகக் கையைக் காட்டினாள். டீச்சர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "நீ... நீ..." என்றார்.

பிள்ளைகளுக்கு அது புது விளையாட்டாகத் தெரிந்தது. "என் பேரு சொல்லுங்க டீச்சர்", "எனக்கு டீச்சர்", "எனக்கு" என்று ஆளாளுக்குக் கையைத் தூக்கிக்கொண்டு சுற்றி நின்று குதித்தார்கள். டீச்சர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவர் பெயரும் வரவில்லை. பயந்துபோன கண்களோடு வாசலைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை மாஸ்டரால் தாங்க முடியவில்லை. தலைமையாசிரியை மெதுவாக வந்து டீச்சரின் கையைப் பிடித்து, கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் இன்றுவரை முடியவில்லை.

மாஸ்டர் பட்டறைக்குப் போவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் சோறு ஏது? ஒருநாள் ஒரு புது வீட்டில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி அவரைக் குளியலறைப் பக்கம் அழைத்துப்போனாள். நாலு பக்கமும் சுவர் வைத்த தாழ்வாரத்தில் பளபளவென்று புது கேஸ் ஹீட்டர். எதிர்ச்சுவரில் கம்பி போட்ட பெரிய திறப்பு.

"இதை மட்டும் நல்லா இறுக்கமா அடைச்சுக் குடுத்துடுங்கண்ணா. இங்க வெச்சுக் குழந்தைக்குத் தண்ணி ஊத்தும்போது குளிர்காத்து அடிக்குது."

மாஸ்டர் அந்தத் திறப்பையே பார்த்தார். "அடைக்க முடியாதும்மா."

"ஏன், கஷ்டமான வேலையா? உங்க அளவுக்கு யாருக்கும் கைவராதுன்னு சொல்லித்தான் கூப்பிட்டோம்."

"வேலை கஷ்டமில்லம்மா. அரை நாள்ல முடிச்சுடுவேன். எனக்குக் கைவந்ததாலதான் என் வீட்டையும் அப்படி அடைச்சேன். என் மனைவி வேணாம்னு சொன்னா, மாட்டினவரும் சொன்னாரு, எனக்குத் தெரியாதான்னு கேட்டேன். இப்ப அவளுக்கு நேத்து நடந்தது நினைவில்ல." அவர் திறப்பின் கம்பியில் கையை வைத்தார். "தீயும் நம்மள மாதிரி மூச்சு விடற ஜீவன்தாம்மா. அதோட காத்தை நாம அடைச்சா, அது நம்ம மூச்சை எடுத்துக்கும். குளிர் தாங்கலன்னா வாளியில தண்ணியைப் பிடிச்சுக்க, ஹீட்டரை நிறுத்திடு, குழந்தையை உள்ள ரூமுக்குத் தூக்கிட்டுப் போய் ஊத்து. சந்தேகம்னா மாட்டினவங்களைக் கூப்பிட்டுக் கேளு. என்னை மாதிரி ஆளைக் கேக்காத."

அந்தப் பெண் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அந்தத் திறப்பைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "சரிங்கண்ணா, அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது டீச்சர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் அரைகுறையாக மடித்த துணி. சீக்கிரம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டார். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வீட்டில் நடந்ததை நிதானமாகச் சொன்னார். டீச்சர் கவனமாகக் கேட்டார்.

"நீங்க சொன்னதை அந்தப் பொண்ணு கேட்டுதா?"

"கேட்டுது."

"நல்ல பொண்ணு." டீச்சர் துணியின் ஓரத்தை நீவினார். எத்தனையோ பெயர்களும் முகங்களும் தொலைந்துபோன அந்தத் தலையில் இது மட்டும் எப்படித்தான் தங்கியிருந்ததோ, கோபமில்லாமல், பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைத் திருத்துகிற குரலில் சொன்னார். "நான் சொன்னப்ப நீங்க கேக்கலங்க."

"ஆமா டீச்சர்," என்றார் மாஸ்டர். "நான் கேக்கல."